மண்டப வாசலில் ஒரு பொது அறிவிப்பு

பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் புதுமையான மாற்று நகைச்சுவை மறைந்துபோய்விட்டதா என்று ஒரு கட்டுரை எழுதித் தரும்படி சிற்றிதழ் ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். திருச்சியில் உட்கார்ந்துகொண்டு இதை எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது என்றும் சொன்னார். அது பாராட்டா கிண்டலா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் சொன்னது பொய்யில்லை, நான் பிழைப்பதே அந்த ஊர்க்காரர்களின் நகைச்சுவையை வைத்துத்தான்.

காது கேளாதவர்களுக்காகத் திரையின் அடியில் ஓடும் எழுத்துகளைத் தட்டச்சு செய்வது என் வேலை. ஸ்ரீரங்கத்தில் ஒரு சந்துக்குள் மாடி போர்ஷன். காலையில் ஹெட்போனை மாட்டினால் லண்டனில் யாரோ யாரையோ திட்டுவார்கள், நான் அதை எழுத்தில் ஏற்றுவேன். பழைய நிகழ்ச்சிகளை மறுபடி வெளியிடுவதால், எண்பதுகளில் வந்த கிறுக்குத்தனமான நகைச்சுவைத் தொடர்கள் வண்டி வண்டியாக என் மேஜைக்கு வந்தன. கீழ் வீட்டு மாமி ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "தனியா உக்காந்துண்டு என்னப்பா அப்படிச் சிரிக்கறே? தெருக்கோடி வரைக்கும் கேக்கறது. ஒரு கல்யாணத்தப் பண்ணிக்கோ, எல்லாம் சரியாப் போயிடும்" என்றார். நகைச்சுவைத் தொடர் என்று சொன்னால் வேலை என்று நம்பமாட்டார் என்பதால் தலையாட்டிவிட்டு மேலே போய்விட்டேன்.

அந்தத் தொடர்களில் நான் கிறங்கிப்போனது உண்மை. அதற்கு முன்னால் அங்கேயும் நம் ஊர் மாதிரிதான். மாமியார் ஜோக், குண்டான மனைவி ஜோக், கறுப்புத் தோல் ஜோக். இதையெல்லாம் சொல்லமாட்டோம் என்று சில இளைஞர்கள் சின்னச் சின்ன அறைகளில் மேடை ஏறி, பிறகு டிவிக்கும் வந்தார்கள். ஒருவர் தன் வீட்டுச் சமையலறைக்கு மட்டும் வானிலை அறிக்கை வாசிப்பார். அரை மணி நேரம், முகத்தில் சிரிப்புக்கான ஒரு சுருக்கம்கூட விழாது. இன்னொன்றில் இல்லாத ஊர் ஒன்றின் செய்திகள். கடைசியில் செய்தி வாசிப்பவர் எல்லோரும் தூங்கப் போங்கள் என்று சொல்லிவிட்டு, கேமராவையே பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். பின்னால் சிரிப்பொலி கிடையாது. எங்கே சிரிப்பது என்று உங்களுக்கு யாரும் கைகாட்ட மாட்டார்கள். அந்தத் துணிச்சல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. சிரிப்பொலி சேர்த்த தொடர்கள் வேலைக்கு வந்தால் எனக்கு எரிச்சல் வரும். பெட்டிக்குள் அடைத்த சிரிப்பை எடுத்து ஊற்றுகிறார்களே, பார்க்கிறவனை என்ன மடையன் என்று நினைத்தார்களா என்று ஸ்கிரீனைப் பார்த்துத் திட்டுவேன்.

இப்போது வரும் புது நிகழ்ச்சிகளும் என் மேஜைக்கு வருகின்றன. நகைச்சுவையாளர்கள் மேஜைக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்து புதிருக்கு விடை சொல்கிறார்கள். கேக் சுடுகிறார்கள். சொந்த அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள். எல்லோரும் நல்ல பிள்ளைகளாகிவிட்டார்கள். அங்கங்கே ஒன்றிரண்டு கிறுக்கர்கள் தட்டுப்படுவது உண்டு, ஆனால் அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். இரண்டு வருடம் முன்னால் கேட்டிருந்தால் ஆசிரியருக்கு ஒரே மூச்சில் எழுதித் தந்திருப்பேன். மறைந்துவிட்டது, காரணம் கோழைத்தனம், முடிந்தது விஷயம் என்று. அந்தத் தைரியம் லண்டனில் செத்துவிட்டது, இங்கே என்னிடம் இருக்கிறது என்று அப்போது நிஜமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று அந்த வரியை எழுதப் போனால் வையம்பட்டியில் ஒரு கல்யாண மண்டப வாசல் கண்முன் வந்து நிற்கிறது. வெட்கமாக இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை என்னால் எழுத முடியாது.

என் கல்லூரி நண்பன் ஒருவன், எடமலைப்பட்டி புதூர்க்காரன். குடி, சிகரெட் எதுவும் கிடையாது. வேலைக்குப் போவான், வருவான், அம்மாவுக்குக் காய் நறுக்கிக் கொடுப்பான். அவனுக்கு முதலில் ஒரு இடத்தில் நிச்சயம் ஆகி, பத்திரிகை அடிக்கும் நேரத்தில் நின்றுபோனது. யாரோ பெண் வீட்டுக்குப் பெயர் சொல்லாமல் போன் செய்து, பையன் சரியில்லை, விசாரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவுதான். என்ன சரியில்லை என்று கேட்கக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை. அதன்பிறகு அவன் பல மாதம் வெளியே தலைகாட்டாமல் இருந்தான். இது எனக்கு நன்றாகத் தெரியும். அவன் வீட்டு மொட்டைமாடியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னவன் நான்.

இரண்டாவதாக மருங்காபுரிப் பக்கத்தில் ஒரு பெண் அமைந்தது. பெண்ணின் அப்பா மானாவாரி விவசாயி, கடலையும் சோளமும் போடுகிறவர். முதல் நிச்சயம் நின்ற செய்தி அவர் காதுக்கும் எட்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்காமல் பெண் கொடுக்கமாட்டார்கள். டீக்கடை, இஸ்திரி போடுகிறவர், பக்கத்து வீடு என்று சுற்றிவிட்டுக் கடைசியில் பையனின் கூட்டாளிகளைப் பார்ப்பார்கள். அவர் என்னைப் பார்க்க ஸ்ரீரங்கத்துக்கே வந்தார். பெருமாள் கோவிலுக்கு வந்தேன், அப்படியே பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன் என்றார். பையில் வறுத்த கடலை கொண்டுவந்திருந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, என் கம்ப்யூட்டரைப் பார்த்து, அறையைப் பார்த்து, பிறகு கேட்டார்.

"தம்பி, நீங்க படிச்சவங்க. ஒளிக்காம சொல்லுங்க. பையன் எப்படி?"

"தங்கமான பையங்க. நம்பிக் கொடுக்கலாம்" என்றேன்.

"உங்க தங்கச்சியா இருந்தா கொடுப்பீங்களா?"

"கண்ணை மூடிக்கிட்டுக் கொடுப்பேங்க."

அவர் கண் லேசாகக் கலங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது போதும் தம்பி" என்று எழுந்து போனார். கல்யாணம் நிச்சயமானது.

அடுத்தது ஃப்ளெக்ஸ். எங்கள் ஜில்லாவில் நண்பர்கள் ஃப்ளெக்ஸ் வைக்காத கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளையின் தலையை வெட்டி ஒரு பயில்வான் உடம்பில் ஒட்டியிருப்பார்கள். இல்லையென்றால் கைதி உடை போட்டுக் கம்பிக்குள் நிற்க வைத்து, 'இன்றுமுதல் ஆயுள் தண்டனை' என்று போடுவார்கள். சுற்றிலும் கூலிங்கிளாஸ் போட்ட நண்பர்களின் தலைகள். நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதே ஜெயில் ஜோக்கைப் போடலாம் என்று ஒருவன் சொன்னதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெண்டாட்டி என்றால் ஜெயிலா, எத்தனை காலத்துக்குடா இதையே சொல்வீர்கள் என்று பெரிய பிரசங்கம் செய்தேன். நான் எழுதுகிறேன், புதுசாக இருக்கும் என்று பொறுப்பை வாங்கிக்கொண்டேன். மண்டையில் லண்டன் ஓடிக்கொண்டிருந்தது.

பேப்பரில் வரும் பொது அறிவிப்பு விளம்பரங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒருவர் வேலையை விட்டுப் போனால், அவருக்கும் எங்கள் நிறுவனத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று படத்தோடு போடுவார்களே, அது. அந்த வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. பூ கிடையாது, வாழ்த்து கிடையாது, எங்கள் தலைகள் கிடையாது. மாப்பிள்ளையின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ மட்டும். கீழே இப்படி:

'பொது அறிவிப்பு. படத்தில் காணும் நபருக்கும் எங்களுக்கும் இன்றுமுதல் எந்தவிதத் தொடர்பும் இல்லை. இவரை நம்பி யாரும் வைத்துக்கொள்ளும் எந்த உறவுக்கும் நாங்கள் பொறுப்பல்ல. இப்படிக்கு, நண்பர்கள்.'

எழுதி முடித்ததும் நானே தனியாகச் சிரித்தேன். மனைவியைத் தாழ்த்தவில்லை, உருவத்தைக் கேலி செய்யவில்லை. கல்யாணம் ஆனதும் நண்பனை மறந்துவிடுகிற ஊர்வழக்கத்தைத்தான் கிண்டல் செய்கிறேன். முகத்தில் சுருக்கம் விழாத நகைச்சுவை. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் டிசைனைப் பார்த்துவிட்டு, "ஏன் சார், கண்ணீர் அஞ்சலி மாதிரி இருக்கே, கொஞ்சம் கலர் போடட்டுங்களா?" என்றார். வேண்டாம் என்றேன். குழுவில் ஒருவன், "மாப்ள, ஊர்ல இது புரியாதுடா" என்று எழுதினான். புரியாதவனுக்காக எழுத முடியாது என்று பதில் போட்டேன். அந்த வரி இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்கக் கை வரவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் வையம்பட்டி மண்டப வாசலில் சவுக்குக் கம்பு நட்டு ஃப்ளெக்ஸைக் கட்டினோம். மாப்பிள்ளை வீட்டார் மேளதாளத்தோடு வந்த பரபரப்பில் யாரும் அதை நின்று படிக்கவில்லை. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மறுநாள் விடிந்ததும் டீ குடிக்க வெளியே வந்தேன். பெண்ணின் அப்பா ஃப்ளெக்ஸின் முன்னால் நின்றிருந்தார். புது வேட்டி, தோளில் புதுத் துண்டு. விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தார். அவர் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் சற்றுத் தள்ளி நின்று தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் வேகமாக வந்து, என் கையைப் பிடித்து மண்டபத்தின் பக்கவாட்டுக்குக் கூட்டிப்போனார்.

"தம்பி, அன்னிக்கு நல்லவர்னு சொன்னீங்க. இன்னிக்கு சம்பந்தமே இல்லைன்னு எழுதி வச்சிருக்கீங்க. எது தம்பி உண்மை?"

"ஐயோ, அது சும்மா ஜோக்குங்கய்யா."

"பொறுப்பில்லைன்னு போட்டிருக்கு. நீங்க ஏதோ தெரிஞ்சுதான் ஒதுங்குறீங்க. இன்னும் தாலி கட்டல தம்பி. எதுவா இருந்தாலும் இப்பவே சொல்லிருங்க, நான் யாரையும் காட்டிக் கொடுக்கமாட்டேன். பொண்ணு வாழ்க்கைங்க." சொல்லிக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டார்.

என் அப்பா வயதுக்காரர் என்னைக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். அவர் கைகளைப் பிரித்துவிட்டு, பேப்பரில் வரும் விளம்பரம், அதைக் கேலி செய்வது, கல்யாணத்துக்குப் பிறகு நண்பர்களை மறப்பது என்று உளறிக்கொட்டினேன். ஒவ்வொரு வாக்கியமும் வாயிலிருந்து வரும்போதே செத்து விழுந்தது. அவர் பொறுமையாகக் கடைசிவரை கேட்டார். வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுபோல, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற முகத்தோடு கேட்டார்.

"சரிங்க தம்பி. இதுல எங்க சிரிக்கணும்?"

அவருக்குப் புரியவில்லை என்று எந்த வாயால் சொல்வது? அந்த ஃப்ளெக்ஸைப் படிக்க வேண்டிய முறையில் படித்தவர் அவர் ஒருவர்தான். யாரையாவது நம்ப வேண்டாம் என்று எச்சரிக்கத்தான் அப்படி அறிவிப்புப் போடுவார்கள். முன்னால் ஒரு போன் வந்து ஒரு கல்யாணம் நின்றிருக்கிறது. நான் அதே செய்தியை ஆளுயரத்துக்கு அச்சடித்து வாசலில் கட்டியிருக்கிறேன். அது அந்த நிமிடம்வரை என் புத்திக்கு எட்டவேயில்லை.

"இப்பவே கழட்டிடறேங்கய்யா" என்று கிளம்பினேன்.

"வேணாம்" என்று தடுத்தார். "பாதிப் பேர் பார்த்துட்டாங்க. இப்பக் கழட்டினா என்னமோ இருக்குன்னுதான் பேசுவாங்க." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க வாங்க, என் பக்கத்துல நில்லுங்க" என்றார்.

அவர் நேராக ஃப்ளெக்ஸின் முன்னால் போய் நின்று, தன் ஊர்க்காரர்களைக் கைதட்டிக் கூப்பிட்டார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாத மனிதர், தொண்டையைச் செருமிக்கொண்டு அந்த வரிகளைச் சத்தமாகப் படித்தார். படித்து முடித்ததும் சிரித்தார். தொடையைத் தட்டிக்கொண்டு, தலையை அண்ணாந்து, வாய்விட்டுச் சிரித்தார். "மாப்பிள்ளையோட கூட்டாளிங்க, படிச்ச புள்ளைங்க. என்னமா எழுதியிருக்காங்க பாருங்கப்பா! கல்யாணம் ஆனா நம்மளை மறந்துருவான்ல, அதைச் சொல்றாங்க!" என்றார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவருக்காகச் சிரித்தார்கள்.

அடுத்தடுத்து வேன்கள் வந்தன. ஒவ்வொரு வேனிலிருந்தும் ஆட்கள் இறங்கி, ஃப்ளெக்ஸைப் பார்த்து முகம் மாறும்போதெல்லாம் அவர் மறுபடி முதலிலிருந்து படித்தார், மறுபடி சிரித்தார். பெண்ணைப் பெற்றவர், உள்ளே ஆயிரம் வேலை கிடக்கிறது. யாரோ அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நான் பக்கத்தில் மரம்போல நின்றேன். அவர் என் பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல், "நீங்களும் சிரிங்க தம்பி. நீங்க சிரிக்காட்டி நம்பமாட்டாங்க" என்றார்.

சிரித்தேன். என் ஜோக்குக்கு நானே, அவர் படித்து முடிக்கும் இடத்தில், ஒவ்வொரு முறையும் சிரித்தேன். பெட்டிக்குள் அடைத்த சிரிப்பு என்று நான் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். அன்று காலை ஒரு மனிதர் தன் மகளுக்காக அதை வயிற்றிலிருந்து எடுத்து ஊற்றிக்கொண்டிருந்தார், நான் அவருக்குப் பக்கவாத்தியம். நான் கேவலமாக நினைத்த அந்த ஜெயில் ஃப்ளெக்ஸை வைத்திருந்தால் அவர் ஒரு புன்னகையோடு உள்ளே போய் வேலையைப் பார்த்திருப்பார். அதற்காக அந்த ஜோக் நல்ல ஜோக் ஆகிவிடாது. இருந்தாலும் அந்த எண்ணம் என்னை விடவில்லை.

மாப்பிள்ளை அறைக்குள் போனபோது நண்பன் பட்டு வேட்டி கட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு விஷயம் எட்டியிருந்தது. மற்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கேட்டான்.

"அந்தப் போன் விஷயம் உனக்குத் தெரியும்லடா?"

"தெரியும்டா. ஆனா இது வேற..."

"தெரிஞ்சும் எழுதினியா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. எழுதும்போது நண்பனே என் நினைவில் இல்லை, வாக்கியங்கள்தான் இருந்தன. அதைச் சொல்லி என்னை நியாயப்படுத்திக்கொள்ள வெட்கமாக இருந்தது. அவன் வேட்டியின் மடிப்பைச் சரிசெய்துகொண்டு, "சரி, வெளிய இரு" என்றான்.

தாலி கட்டி முடிந்தது. பெண் தலை நிமிரவேயில்லை. மணமேடையில் பெண்கள் குனிந்திருப்பது வழக்கம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பந்தியில் பெண்ணின் அப்பாவே வந்து என் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார். யாரும் கவனிக்காதபோது குனிந்து, "இப்பவாவது சொல்லுங்க தம்பி, உண்மையா ஒன்னும் இல்லையே?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை பேரை நம்பவைத்த அவர் மட்டும் இன்னும் நம்பியிருக்கவில்லை. ஒன்றுமில்லைங்கய்யா என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

ஆசிரியரின் கேள்விக்கு நான் தரக்கூடிய பதில் இதுதான். பெரிய சேனல்களில் அந்த மாதிரி நகைச்சுவை ஏறக்குறைய மறைந்துவிட்டது. இன்னும் செய்கிறவர்கள் போனுக்கும் சின்ன அறைகளுக்கும் திரும்பிப் போயிருக்கிறார்கள். அது நஷ்டம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அதைக் கோழைத்தனம் என்று திட்ட எனக்கு இப்போது வாய் வருவதில்லை. அங்கே டிவி முன்னால் உட்கார்ந்தவர்கள் சிரிக்கலாம் என்று தெரிந்து உட்கார்ந்தவர்கள். பிடிக்காவிட்டால் அணைத்துவிடுவார்கள், வீட்டில் ஒரு கல்யாணமும் நிற்காது. அந்த இளைஞர்கள் மேடை ஏறும்போது யார்மீது கல் விழக்கூடாது என்று யோசித்துவிட்டுத்தான் ஏறினார்கள். நான் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது முகத்தைச் சுருக்காமல் இருப்பதை மட்டும்தான்.

நண்பன் இப்போது என்னோடு பேசுவதில்லை. சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதினேன், பார்த்ததற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. மனைவியோடு கோயம்புத்தூருக்கு மாறிப் போய்விட்டதாக வேறொருவன் சொல்லித்தான் தெரியும்.

ஆனால் அவன் மாமனார் கூப்பிடுகிறார். பொங்கலுக்குக் கூப்பிட்டார். மழை பெய்தது, கடலை விதைத்திருக்கிறோம் என்று சொல்லக் கூப்பிட்டார். போன வாரமும் கூப்பிட்டார். கோவில் கூட்டம், என் அம்மாவின் உடம்பு என்று எல்லாவற்றையும் சுற்றிவந்து, வைக்கப் போகும் நேரத்தில் குரலைத் தாழ்த்தினார்.

"மாப்பிள்ளை நல்லாத்தானே இருக்காருங்க? பாப்பா போன்ல எதுவும் சொல்லமாட்டேங்குது. நீங்கதான் அவருக்கு நெருக்கம், அதான் கேக்குறேன்."

அவன் எந்த வீட்டில் இருக்கிறான் என்றுகூட எனக்குத் தெரியாது.

"நல்லா இருக்காருங்கய்யா" என்றேன்.

"இது போதும் தம்பி" என்றார்.